நண்டு சூடா, குளிர்ச்சியா? சீனத்துச் சாப்பாட்டு முறையும் காரைக்கால் வயலும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காரைக்கால் பகுதி வீடுகளில் நண்டு ரசம் கொதிக்கும். மூக்கடைப்பு, நெஞ்சுச் சளி என்றால், நண்டுக் காலை நசுக்கிப் போட்டு, மிளகும் பூண்டும் தட்டிச் சேர்த்து, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கச் சொல்வார்கள். ‘நண்டு சூடு, சளியை முறிக்கும்’ என்பது கடலோர வீட்டுப் பெரியவர்களின் கணக்கு.

இதே நண்டு சீனாவில் ‘குளிர்ச்சி’. அங்கே நண்டு சாப்பிடும்போது பக்கத்தில் இஞ்சி நறுக்கிப் போட்ட காடி கட்டாயம் இருக்கும். நண்டின் குளிர்ச்சி வயிற்றைக் கெடுத்துவிடாமல் இஞ்சியின் சூடு காக்கும் என்பது அவர்கள் கணக்கு.

இரண்டுமே நெடுங்காலமாக வழங்கிவரும் மருத்துவ முறைகள். ஒன்று சூடு என்கிறது, மற்றொன்று குளிர்ச்சி என்கிறது. யார் சொல்வது சரி என்று சண்டை போடுவதற்கு முன் இரண்டு சமையலறைகளையும் எட்டிப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். இரண்டு இடத்திலும் நண்டைத் தனியாக யாரும் சாப்பிடுவதில்லை. அங்கே இஞ்சி, இங்கே மிளகு. எதையும் துணையில்லாமல் சாப்பிடாதே, அளவு மீறிச் சாப்பிடாதே, பருவம் பார்த்துச் சாப்பிடு என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான விதி. சூடு, குளிர்ச்சி என்ற பட்டியலைவிட இந்த விதிதான் முக்கியம். இந்த விதியைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் அதற்கான பொருள் வீட்டில் இருக்க வேண்டும். காரைக்காலில் இப்போது குறைந்துவருவது அந்தப் பொருள்தான்.

கடல் தாண்டிய உறவு

சீனாவை இங்கே இழுப்பது வேடிக்கைக்காக அல்ல. காரைக்காலுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் நாகப்பட்டினம், சோழர் காலத்தில் சீனாவுக்குப் போகும் கடல் வழியில் பெரிய துறைமுகம். சோழ நாட்டுத் தூதுக்குழு ஒன்று 1015-ம் ஆண்டில் சீன அரசவையை அடைந்ததைச் சீன ஆவணங்களே குறித்து வைத்திருக்கின்றன. சீனச்சட்டி, சீனாக்காரம் என்று தமிழ் வீடுகளில் புழங்கும் பெயர்களும் அந்த உறவின் மிச்சமே.

இன்னொரு செய்தி பலருக்கும் புதிதாக இருக்கும். சீனர்கள் காலையிலும், உடம்பு சரியில்லாத நேரத்திலும் குடிக்கும் குழைந்த அரிசிக் கஞ்சியை ஆங்கிலத்தில் ‘காஞ்சி’ என்கிறார்கள். அது ‘கஞ்சி’ என்ற தமிழ்ச் சொல்தான். போர்ச்சுக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சீனத்து உணவுக்குப் பெயராகிவிட்டது.

சீன முறை என்ன சொல்கிறது?

சீன மருத்துவத்தின் அடிப்படை இன், யாங் என்ற இரண்டு ஆற்றல்கள். இன் என்பது குளிர்ச்சி, நிழல், ஓய்வு. யாங் என்பது சூடு, வெளிச்சம், இயக்கம். இரண்டும் சமமாக இருந்தால் ஆரோக்கியம். ஒன்று மிஞ்சினால் நோய். இதையொட்டி உணவைச் சூடு, இளஞ்சூடு, இளங்குளிர்ச்சி, குளிர்ச்சி என்று 4 தன்மையாகப் பிரித்தார்கள். எந்தப் பக்கமும் சாயாத நடுத்தர உணவும் உண்டு. அரிசி அதில் சேரும்.

சுவை 5: புளிப்பு, கசப்பு, இனிப்பு, கார்ப்பு, உவர்ப்பு. ஒவ்வொரு சுவையும் ஓர் உள்ளுறுப்போடு தொடர்புடையது. எந்தச் சுவை மிஞ்சினாலும் அந்த உறுப்புக்குக் கேடு என்பார்கள். 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்ற மருத்துவ நூல், தானியத்தை அடிப்படையாகவும் பழம், காய், இறைச்சி ஆகியவற்றைத் துணையாகவும் வைக்கிறது. 7-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்ற மருத்துவர், முதலில் உணவால் சரிசெய்து பார்க்க வேண்டும், அது பலிக்காதபோதுதான் மருந்துக்குப் போக வேண்டும் என்று வலியுறுத்தியவர். வயிறு பத்துக்கு ஏழு பங்கு நிறைந்ததும் எழுந்துவிட வேண்டும் என்பது அங்கே வீட்டுக்கு வீடு சொல்லும் அறிவுரை.

டெல்டாக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கோ கேட்டதுபோல இருக்கும். சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் மூன்றும் தன் அளவில் நிற்பதே ஆரோக்கியம் என்கிறது. சீனரின் 5 சுவையோடு துவர்ப்பையும் சேர்த்து 6 சுவை. வாழைப்பூ, மாவடு என்று துவர்ப்புக்கென்றே காய் வைத்திருக்கும் ஊர் இது. அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு வெற்றிடம் என்பது இங்குள்ள அளவு. முன்னே உண்டது செரித்த பின் அடுத்த வேளை உண்பதையே பெரிய மருந்தாகச் சொல்கிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம்.

பிரசவித்த பெண்ணுக்கான பத்தியத்தைப் பாருங்கள். தெற்குச் சீனாவிலும் தைவானிலும் ஒரு மாதம் வீட்டிலேயே வைத்து, எள் எண்ணெயில் இஞ்சியை வதக்கிக் கோழி சமைத்துக் கொடுப்பார்கள். இங்கே சுக்கு, மிளகு, பூண்டு, நல்லெண்ணெய். கடலோரம் என்றால் தாய்ப்பால் ஊறப் பால்சுறாப் புட்டு. பச்சைப்பயறும் வெள்ளரியும் தர்பூசணியும் இரண்டு நாட்டிலும் குளிர்ச்சி. இஞ்சி இரண்டிலும் சூடு.

பாகற்காயில் மறுபடி கணக்கு மாறுகிறது. சீனர்களுக்கு அது கடும் குளிர்ச்சி. வெயில் காலத்தில் தேடிச் சாப்பிடுவார்கள். இங்கே அது சூடு, மருந்தை முறிக்கும் என்று பத்தியத்தில் தள்ளிவைப்பார்கள். ஆகவே பட்டியலை வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்தந்த ஊரின் வெயில், மழை, வேலை, விளைச்சல் ஆகியவற்றைப் பார்த்து அந்தந்த மக்கள் போட்ட கணக்கு அது.

வயலே எழுதிய சாப்பாட்டு நாட்காட்டி

காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயனாறு என்று கிளைகள் வந்து கடலில் கலக்கும் இடம். இங்கே குறுவை, சம்பா அல்லது தாளடி, அதன் பிறகு நெல் தரிசில் பயறு என்று வயல் சுழலும். சாப்பாடும் அதனுடனேயே சுழன்றது.

சித்திரை, வைகாசி இளவேனில். புத்தாண்டன்று வேப்பம்பூப் பச்சடியில் 6 சுவையும் சேரும். பங்குனியில் அறுத்த உளுந்தும் பச்சைப்பயறும் குதிரில் இருக்கும். நீர்மோர், வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு, பயத்தங்கஞ்சி எல்லாம் கத்திரி வெயிலுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பச்சை மீன் குறையும், கருவாடு வரும். ‘கருவாடு சூடு’ என்பதால் அன்றைக்குக் கட்டாயம் பழையசோறும் நீராகாரமும் இருக்கும்.

ஆனியில் பௌர்ணமியன்று காரைக்காலில் மாங்கனித் திருவிழா. சிவனடியாருக்குச் சோற்றோடு மாங்கனி பரிமாறிய காரைக்கால் அம்மையாரின் நினைவாக மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். மாம்பழம் சூடு என்று சொல்லிக்கொண்டே, அதைத் தயிர்ச்சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவது இங்குள்ள வழக்கம். சூட்டுக்குத் துணையாகக் குளிர்ச்சி வந்துவிடுகிறது.

ஆடியில் கேழ்வரகுக் கூழ். நெல் விளையும் ஊரிலும் வருடத்துக்கு ஒரு மாதமாவது வேறு தானியத்தை வயிற்றுக்குக் காட்டிய ஏற்பாடு அது. ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். காரைக்காலுக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான். அப்போது மிளகு ரசம், தூதுவளைத் துவையல், சுக்குக் காப்பி, நண்டு ரசம். மார்கழியில் மிளகு போட்ட வெண்பொங்கல். தையில் புது நெல்லோடு மொச்சை, சர்க்கரைவள்ளி, கருணைக் கிழங்கு. புது அரிசி சீக்கிரம் குழையும், வயிற்றில் மந்தம் செய்யும் என்று நோயாளிக்கும் முதியவர்களுக்கும் பழைய அரிசியைத்தான் வடிப்பார்கள். மாசி, பங்குனியில் எள். திருநள்ளாற்றில் சனி பகவானுக்கு எள் சாதமும் எள் தீபமும் வைக்கும் பக்தர்கள் எத்தனையோ ஊரிலிருந்து வந்தாலும், எள் இந்தப் பகுதி வயலிலும் விளையும் பயிர்தான்.

இத்தனையையும் அன்றைக்கு யாரும் ‘சமச்சீர் உணவு’ என்று பெயர் சொல்லிச் சாப்பிடவில்லை. வயலில் வந்தது, வரப்பில் முளைத்தது, கொல்லையில் காய்த்தது. அது மாற மாறச் சாப்பாடும் மாறியது.

எங்கே கணக்குத் தப்பியது?

இன்றைக்கு நெல்லை மொத்தமாகக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, தீட்டிய வெள்ளை அரிசியை வாங்குகிறோம் என்பது பல வீடுகளின் நிலை. உளுந்து அறுத்ததும் களத்திலேயே வியாபாரியிடம் போய்விடுகிறது. பிறகு இட்லிக்கு வேண்டிய உளுந்தைக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்க வேண்டியிருக்கிறது. விலை ஏறினால் முதலில் குறைவது அந்தப் பருப்புதான், சோறு குறைவதில்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை அல்லது மீண்டும் சோறு. மூன்று வேளையும் அரிசி. துணைக்கு வந்த பயறு, கீரை, எள் எல்லாம் தொட்டுக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிட்டன.

அரிசி கெட்டது என்று சொல்ல வரவில்லை. சீன முறையும் சித்த முறையும் அரிசியைத் தள்ளவில்லை. இரண்டும் அதைத் துணையோடு சாப்பிடச் சொல்கின்றன. துணை போய்விட்டதுதான் பிரச்னை.

விளைவு எண்களில் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் நூற்றுக்கு 26.3 பேருக்குச் சர்க்கரை நோய். கோவாவை (26.4) அடுத்து நாட்டிலேயே இதுதான் அதிகம். தமிழ்நாட்டில் 14.4, நாடு முழுவதற்கும் 11.4. இன்னொரு பக்கம், 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, புதுச்சேரியில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருப்பதைக் காட்டியது. சோறு மிஞ்சியும் சத்துக் குறைந்தும் ஒரே வீட்டில் இரண்டும் இருக்கின்றன.

சர்க்கரை நோய்க்கு உணவு மட்டும் காரணமல்ல. பரம்பரை, உடல் உழைப்புக் குறைவு, உடல் பருமன் எல்லாம் சேரும். ஆனால் பழம்பெருமை மட்டும் யாரையும் காக்காது என்பதற்குச் சீனாவே சாட்சி. உணவே மருந்து என்று அத்தனை நூல் எழுதிய அந்த நாட்டில்தான் உலகிலேயே அதிகச் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். அடுத்த இடம் இந்தியாவுக்கு.

விற்பதற்கு முன் அரை மூட்டை

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு, பயறு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம் (அதில் கீரை 100 கிராம்), பழம் 100 கிராம், பால் 300 மில்லி என்று அளவு சொல்கிறது. வயலில் இறங்கி உழைப்பவருக்குத் தானியம் கூடலாம். ஆனால் பயறுக்கும் தானியத்துக்கும் உள்ள விகிதத்தைக் கவனியுங்கள். ஏறக்குறைய 3 பங்கு தானியத்துக்கு 1 பங்கு பயறு.

இதைக் காரைக்கால் வயலில் வைத்துப் பார்க்கலாம். நெல் தரிசில் ஒழுங்காகக் கவனித்த உளுந்து, ஏக்கருக்கு 200 முதல் 300 கிலோ வரை கொடுக்கும். அதில் 50 கிலோவை, அதாவது அரை மூட்டையை, விற்காமல் நிறுத்தினால் 4 பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 137 கிராம் கிடைக்கும். தலைக்கு 34 கிராம். வேண்டிய 85 கிராமில் ஐந்தில் இரண்டு பங்கு, கடைக்குப் போகாமலே வந்துவிடுகிறது. பச்சைப்பயறையும் சேர்த்து விதைத்துக்கொண்டால் மீதியில் பெரும்பகுதியும் வரும்.

நெல் தரிசு உளுந்துக்கு ஆடுதுறை 3 ஏற்ற ரகம். 70 முதல் 75 நாள். தை மாதம் நெல் அறுப்பதற்கு 7 முதல் 10 நாள் முன், மண்ணில் மெழுகுபதம் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ விதையைச் சீராகத் தூவ வேண்டும். தண்ணீர் தேங்கினால் விதை அழுகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், அதிலிருந்து 15 நாள் கழித்து ஒரு முறையும் 2 சதவிகித டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய்ப்பிடிப்பு கூடும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலையே கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டராக்கி மாலை வேளையில் தெளிக்க வேண்டும்.

வீட்டுக்கு நிறுத்தும் பயறை நன்றாக வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகே காற்றுப் புகாத டின்னில் அடைக்க வேண்டும். முழுப் பயறைவிட உடைத்த பருப்பைப் பயறு வண்டு குறைவாகவே தாக்கும். விதைக்கென மருந்து கலந்து வைத்த பயறை எந்தக் காரணத்துக்காகவும் சமையலுக்கு எடுக்கக் கூடாது, கழுவினாலும் கூடாது.

எள்ளுக்கு ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். தண்ணீர் தேங்காத மேட்டுப் பாங்கான வயலில் மாசிப் பட்டத்தில் போடலாம். முழு எள்ளில் 100 கிராமுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. பாலில் 120 மில்லிகிராம் அளவில்தான். ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. செக்கில் ஆட்டும்போது சுண்ணாம்புச்சத்து எண்ணெயில் வராது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆகவே நல்லெண்ணெய் ஊற்றினால் மட்டும் எள்ளின் முழுப் பலன் வராது. எள்ளுப் பொடியாகவும் எள்ளுத் துவையலாகவும் விதையையே சாப்பிட வேண்டும்.

நெல்லிலும் ஒரு மூலையை வீட்டுக்கென ஒதுக்கலாம். கடலோர உவர் நிலத்தில் குழியடிச்சான் என்ற பாரம்பரிய ரகம் தாக்குப்பிடிக்கும். இதுபோன்ற ரகங்களைத் தேடிச் சேர்த்து, பக்கத்துத் திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழா நடத்தி விவசாயிகளுக்கு விதை கொடுத்தவர், 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன். ஆனால் எந்த ரகமானாலும் வெள்ளையாகத் தீட்டிவிட்டால் தவிட்டோடு சத்தும் போய்விடும். கைக்குத்தல் பதத்தில் அரைத்து, அளவோடு சாப்பிட்டால்தான் பலன்.

பத்தியம் எல்லை தாண்டும்போது

சூடு, குளிர்ச்சி பார்ப்பதில் நன்மை இருப்பதுபோல ஆபத்தும் இருக்கிறது. கர்ப்பிணிக்குக் கீரை மந்தம், முட்டை சூடு, மீன் சூடு என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், கடைசியில் வெறும் ரசச் சோறுதான் மிஞ்சும். பாதிப் பெண்களுக்கு மேல் இரத்தசோகை உள்ள ஊரில் இது தாயையும் பிள்ளையையும் பாதிக்கும். பிரசவித்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு போடும் என்று நாவறள வைப்பதும் தவறு. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் கூடுதலாகவே வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைச் ‘சூடு’ என்று நிறுத்துவதும் கூடாது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் செவிலியரிடம் சொல்லி, சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் குடிக்கக் கொடுப்பதை நிறுத்துவது பெரிய ஆபத்து. உப்பு சர்க்கரைக் கரைசலும் தாய்ப்பாலும் நீர்த்த கஞ்சியும் தொடர்ந்து கொடுத்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சித்திரை வெயிலில் பயறு அறுக்கும்போது மயக்கம் வந்தால் மோர் குடித்துவிட்டு மீண்டும் வேலைக்கு இறங்குவதும் சரியல்ல. நிழலில் படுக்கவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடனே மருத்துவமனைதான்.

பழைய மருத்துவர்கள் உணவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். உணவால் ஆகாததை மருந்தால் பார்க்க வேண்டும் என்பதையும் அவர்களேதான் சொன்னார்கள்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

கேள்வி: சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி சாப்பிடலாமா?

பதில்: கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். உளுந்தை விட வேண்டியதில்லை. தோலோடு உப்புப் போட்ட கஞ்சியாகவோ, கீரை சேர்த்த அடையாகவோ சாப்பிடலாம். அப்படிச் சாப்பிடும்போது அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நீராகாரம் எல்லோருக்கும் நல்லதா?

பதில்: வெயிலில் உழைப்பவர்களுக்கு நல்லது. சுத்தமான பானையில், கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி ஓர் இரவு மட்டும் வைக்க வேண்டும். புளிப்பு மீறிய சோறு வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்து, ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிக்குப் பழையசோறும் சோறுதான், அளவு உண்டு.

கேள்வி: கொல்லைத் தண்ணீர் உப்பாக இருக்கிறது. என்ன கீரை வரும்?

பதில்: பருப்புக்கீரை உப்பை நன்றாகத் தாங்கும். மேட்டுப்பாத்தி போட்டு, நிறைய மக்கிய எருவும் தென்னைநார்க் கழிவும் கலந்தால் முளைக்கீரை, தண்டுக்கீரையும் வரும். வடகிழக்கு மழை மண்ணின் உப்பைக் கழுவிவிட்ட பிறகு, மார்கழி, தையில் விதைப்பது நல்லது. முருங்கையை மேடான இடத்தில் ஒரு போத்து நட்டுவைத்தால் போதும். அதன் கீரையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிடலாம். வீட்டுத் தோட்டம் பற்றிய ஆலோசனைக்கு மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியையும் அணுகலாம்.

கேள்வி: அறுவடை இயந்திரம் இறங்கினால், முன்பே தூவிய உளுந்து நசுங்கிவிடுகிறதே?

பதில்: சக்கரத் தடத்தில் சேதம் இருக்கத்தான் செய்யும். வயலில் தண்ணீரை முன்கூட்டியே வடித்து மண் இறுகிய பிறகு இயந்திரத்தை இறக்கினால் தடம் ஆழமாகப் பதியாது. விதையில் ஒன்றிரண்டு கிலோவை நிறுத்திவைத்து, இயந்திரம் வெளியேறிய அன்றே ஈரம் காய்வதற்குள் தடங்களில் ஊன்றிவிட வேண்டும்.

கேள்வி: இரவில் கீரை சாப்பிடக் கூடாது என்கிறார்களே?

பதில்: கீரை செரிக்க நேரமாகும், மங்கிய விளக்கில் புழு பூச்சி தெரியாது என்பதால் வந்த வழக்கம். மதியமே சாப்பிட்டால் நல்லது. மதியம் வயலிலேயே கழிந்துவிடுகிறது என்பவர்கள், இரவு உணவை நேரத்தோடு முடிப்பதாக இருந்தால், நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். நாள் முழுக்கக் கீரையே இல்லாமல் போவதைவிட இது மேல்.

களத்தில் எடுக்க வேண்டிய முடிவு

உடம்பில் சூடு மிஞ்சியதா, குளிர்ச்சி மிஞ்சியதா என்று பார்ப்பது சாப்பிடும் நேரத்து வேலை. அதைச் சரிசெய்யப் பயறும் எள்ளும் கீரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்குமா என்பது, பங்குனியில் களத்தில் சாக்கு பிடிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வியாபாரியின் தராசு வருவதற்கு முன், வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, அரை மூட்டை உளுந்தையும் சில படி எள்ளையும் தனியே கட்டி வைத்துவிட வேண்டும். கடனும் கூலியும் நெருக்கும் நேரத்தில் இது லேசான முடிவல்ல. இன்று விற்கும் 50 கிலோவையே பின்னால் ஒவ்வொரு கிலோவாகக் கடை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். வாங்க முடியாத மாதங்களில் வெறும் சோற்றோடுதான் நாள் போகும். இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகு மூட்டையைத் தராசில் ஏற்றட்டும்.